கீல்

துலூத் நகரில் ஜனவரி. ஏரி கல்லாகி
தாதுக் கப்பல்கள் கரையோடு கட்டிக் கிடந்தன.
தூண்டில் புழு விற்றவன் மூடிவிட்டுப் போன கடையின் மாடியில்
மூன்று பேர் ஒரு கம்பெனி தொடங்கினார்கள்.
படிக்கட்டு வழியே புழு வாசனை
மே மாதம்வரை ஏறி வந்தது.

முதல் என்றால் தொடக்கம்.
முதல் என்றால் பணமும்தான்.
முன்னது மூவரிடமும் இருந்தது.
பின்னதற்கு ஐலி கார்வோனென் தன் வீட்டை அடகு வைத்தாள்.
ஓலெ ட்வெய்ட் மாலுமியின் மகன்,
படகைப் பார்த்தாலே குமட்டும் அவனுக்கு,
கப்பல் கம்பெனிகளின் பட்டியல் மட்டும் மனப்பாடம்.
டெல்மர் ஸ்குபிக் வக்கீல். கமாக்களை நம்பாதவன்.

யோசனை இதுதான்:
முப்பத்தொரு கப்பல், துறைமுக, கயிற்றுக் கம்பெனிகளை
ஒரே கூடையில் போட்டு
கூடையைத் துண்டு துண்டாகச் சந்தையில் விற்பது.
காலையில் வாங்கி மாலையில் விற்கலாம், தக்காளியைப் போல.

அனுமதிக்குப் பதினான்கு மாதம்.
அறுபத்திரண்டு கேள்விகளோடு ஒரு கடிதம்.
கடைசியில் நான்கு எழுத்து கிடைத்தது: கே, ஈ, ஈ, எல்.
அவர்கள் மொழியில் அது கப்பலின் அடிமரம்.
நான் தமிழில் எழுதிப் பார்க்கிறேன்:
கதவைத் தாங்கும் கீல்.
ஓட்டையை அடைக்கும் கீல்.
நாக்கு கொஞ்சம் வழுக்கினால், கீழ்.

நியூயார்க்கில் அவர்கள் பட்டியலேறிய காலை
மணி அடித்தது ஒரு பற்பசைக் கம்பெனி.
விற்றது தொள்ளாயிரம் அலகு.
எழுநூறை வாங்கியவர் ஓலெயின் பல் டாக்டர்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
இவர்கள் ஏரியில் போட்டார்கள்;
அளந்து சொல்ல நூறு டாலருக்கு அறுபத்தெட்டு காசு வாங்கினார்கள்.

இரண்டாயிரத்து எட்டில் உலகம் அனுப்புவதை நிறுத்தியது.
இருபத்தைந்தில் பிறந்த அலகு ஏழுக்கு வந்தது.
ஆளில்லாததால் தொலைபேசியை ஐலியே எடுத்தாள்.
ஹிப்பிங்கிலிருந்து வெர்னா லட்வாலா,
பள்ளிப் பேருந்து ஓட்டுபவள், பதினோரு அலகு.
"முழுகிவிட்டதா?"
"கப்பல் ஒன்றும் முழுகவில்லை அம்மா, விலைதான்."
"எனக்கு அதில் என்ன வித்தியாசம்?"
ஐலி அந்தக் கேள்வியை, எண்ணோடு சேர்த்து,
நாட்காட்டியின் ஓரத்தில் எழுதி வைத்தாள்.

பிறகு சிமெண்டுக்கு ஒரு நிதி. தண்ணீருக்கு ஒன்று.
நாய்த்தீனிக்கு ஒன்று, அதுதான் சோறு போட்டது.
மொத்தம் பத்தொன்பது பெற்று பதினான்கைப் புதைத்தார்கள்.
பெரியவர்கள் மூன்று காசுக்கு அளக்க வந்தபோது
அறுபத்தெட்டு முதலில் நாற்பதாகி,
அப்புறம் பத்தாகி,
அப்புறம் பாஸ்டனிலிருந்து இரண்டு பேர் நல்ல காலணியோடு வந்தார்கள்.

ஒவ்வொரு தாளின் அடியிலும் டெல்மர் எழுதிய வரி ஒன்று உண்டு:
கடந்தகாலப் பலன் வருங்காலத்துக்கு உத்தரவாதம் அல்ல.
விற்ற அன்று அதையே
கேக்கின் மேல் கிரீமால் எழுதச் சொன்னான்.
"உத்தரவாதம்" வரை ஐலி சாப்பிட்டாள்.

பாஸ்டன் கப்பல்களைக் கலைத்தது.
நான்கு எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டது.
இன்று அதன்மேல் மின்கலங்கள் ஓடுகின்றன.

வெர்னாவின் பதினோரு அலகு
இருநூற்றுப் பதினான்கு டாலர் ஆறு காசாகிக்
கணக்கில் விழுந்தது. எடுக்க ஆள் வரவில்லை.
சில வருடம் பார்த்துவிட்டு மாநில அரசு எடுத்து வைத்துக்கொண்டது.
கேட்பாரற்ற பணத்தின் பட்டியலில்
ஓய்வுபெற்ற ஐலி அந்தப் பெயரைப் பார்க்கிறாள்.

பழைய நாட்காட்டியைத் தேட அரை நாள்.
எண்ணைச் சுழற்றுகிறாள். மறுமுனையில் மணி.
ஏழாவது மணியில் யாரோ எடுக்கிறார்கள்,
பின்னால் ஒரு நாய் குரைக்கிறது.
"கீல் கம்பெனியில் முன்பு நான்..."
"வேண்டாம்," என்கிறது குரல்,
"எதை விற்றாலும் வேண்டாம்."